செயற்கைக்கோள் இணையம் வந்தாலும் அம்மாவின் தொலைபேசி நிற்காது

வணக்கம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பண்ணையில் தனியாக வசிக்கும் உங்கள் தாயாருக்கு என்பிஎன் எனும் தேசிய இணைய வலையமைப்பின் செயற்கைக்கோள் இணைப்பு வந்துவிட்டதால், பழைய தொலைபேசியைத் துண்டித்துவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். துண்டிக்க மாட்டார்கள். பழைய தொலைபேசி இயங்கும் செப்புக்கம்பியை 18 மாதங்களில் நிறுத்தும் விதி, என்பிஎன் கம்பிவழி இணைப்புத் தரும் பகுதிகளுக்கே பொருந்தும். செயற்கைக்கோள் பகுதிகளில் குரல் சேவையைத் தொடர்ந்து வழங்க, 2032 வரை நீளும் அரசு ஒப்பந்தப்படி டெல்ஸ்ட்ரா என்ற தொலைபேசி நிறுவனம் கடமைப்பட்டுள்ளது. எல்லோருக்கும் தொலைபேசி கிடைக்கச் செய்யும் இந்தப் பொதுச் சேவைக் கடமையை முடித்துக்கொள்ளலாம் என்று அரசின் ஆலோசனை அமைப்பான உற்பத்தித்திறன் ஆணையம் 2017இல் பரிந்துரைத்தது உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்குச் சென்று திரும்பும் குரல், அவசர நேரத்தில் ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சு விழும் அளவுக்குத் தாமதமாகிறது. ஆகவே நிகரான மாற்று வராமல் அக்கடமையைத் தளர்த்துவது தவறு என்றே கருதுகிறேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: சுருள்வயர் உள்ள பழைய கருவியைத் தூக்கிப் போடாதீர்கள். தொலைபேசி நிலையத்திலிருந்து கம்பி வழியே வரும் மின்சாரத்தில் அது இயங்குவதால், வீட்டில் மின்சாரம் போனாலும் பேசலாம். கம்பியில்லாக் கருவியில் அது முடியாது.