கையில் ரொக்கம் இருந்தும் "ஜிபே மட்டும்தான்" என்கிறார்கள். கடைக்காரர் அப்படி மறுக்கலாமா? அது நியாயமா?

வாசலிலேயே, ஆர்டர் எடுக்கும் முன்பே சொல்லிவிட்டால் மறுக்கலாம். சாப்பிட்டு முடித்து பில் வந்த பிறகு சொன்னால் அவர் கட்சி நிற்காது. நான் புரிந்துகொண்ட வரையில் சட்டம் இவ்வளவுதான். நியாயமா என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் நீளும்.

நான் வக்கீல் இல்லை. திருவான்மியூர் பக்கம் மச்சான் நடத்தும் மெஸ்ஸில் ஒன்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவன். 500 ரூபாய் நோட்டை நீட்டி ஒரே ஒரு டீ கேட்பவரை முறைத்துப் பார்த்தவன். அதனால் கடைக்காரரின் எரிச்சல் எனக்குத் தெரியும். மறுபக்கத்தைக் காட்டியவர் என் அத்தை.

அத்தை மன்னார்குடியில் இருக்கிறார், வயது எழுபத்திரண்டு. கண்புரை அறுவைக்காகச் சென்னை வந்திருந்தார். காலையில் பரிசோதனைகள் முடிய பத்தரை ஆகிவிட்டது. சர்க்கரை உள்ளவர், வெறும் வயிறு. நான் காரை எடுத்து வேறு இடத்தில் நிறுத்தப் போன நேரத்தில் அவராகவே கீழ்த்தளத்தில் இருந்த கேன்டீனுக்குப் போய் இரண்டு இட்லி கேட்டிருக்கிறார். 500 ரூபாயை நீட்டினால், "கேஷ் வாங்குறதில்லை பாட்டி, ஜிபே இருக்கா?" என்று பையன் கேட்டிருக்கிறான். ஜிபே என்றால் என்ன என்று அத்தைக்குத் தெரியும், பேரன் போனில் பார்த்திருக்கிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன்.

பின்னால் நின்ற ஒரு பெண் தன் போனைக் காட்டிக் கட்டிவிட்டாள். அத்தை நோட்டை அவளிடம் நீட்ட, அவளிடம் சில்லறை இல்லை. "இருக்கட்டும் பாட்டி, சாப்பிடுங்க" என்று போய்விட்டாள். நல்ல பெண்தான். ஆனால் நான் வந்தபோது அத்தை இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "ஏண்டா, கையில காச வச்சுக்கிட்டே எவளோ ஒரு புள்ளகிட்ட பிச்சை வாங்கிச் சாப்புடுற மாதிரி ஆயிடுச்சே" என்றார். நான் என்னத்தைச் சொல்வது.

சரி, சட்டத்துக்கு வருவோம். ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, பிரிவு 26. வங்கி நோட்டு இந்தியாவில் எந்த இடத்திலும் அதில் குறித்துள்ள தொகைக்குச் சட்டப்படி செல்லும் பணம் என்கிறது. இதை வைத்துக்கொண்டு "நோட்டை மறுப்பது தேசத் துரோகம், ஜெயில்தான்" என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றும். அந்தப் பிரிவில் தண்டனை பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. செல்லும் பணம் என்பதற்கு வழக்கமாகக் கொள்ளும் பொருள், ஏற்கெனவே இருக்கும் கடனைத் தீர்க்க அதைக் கொடுத்தால் போதும் என்பது. கடையில் நீங்கள் இன்னும் எதுவும் வாங்கவில்லை என்றால் கடனே பிறக்கவில்லை. "இந்த விதத்தில் கட்டுபவருக்குத்தான் விற்பேன்" என்று அவர் முன்கூட்டியே சொல்லலாம், நீங்கள் வேறு கடைக்குப் போகலாம். இட்லி வயிற்றுக்குள் போன பிறகு அது கடன். அப்போது நோட்டை மேசையில் வைத்து, "இதோ உங்கள் பணம்" என்று சொல்லும் உரிமை உங்களுடையது.

இதனால்தான் அந்தச் சின்ன போர்டு எங்கே தொங்குகிறது என்பது முக்கியமாகிறது. வாசலில் இருந்தால் ஒரு கதை, பில் போடும் இடத்தில் மட்டும் இருந்தால் வேறு கதை. பெரும்பாலும் பில் போடும் இடத்தில்தான் இருக்கும், அதுவும் ஆங்கிலத்தில்.

இன்னொரு வேடிக்கை. வருமான வரிச் சட்டத்தில் 2020 முதல், ஆண்டு விற்றுமுதல் 50 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்கள் மின்னணு முறையில் பணம் வாங்க வசதி வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று வந்தது. ரொக்கம் வாங்க ஒரு ஜன்னலாவது திறந்து வை என்று அதற்கு இணையாக எதுவும் வரவில்லை. சுங்கச்சாவடியில் 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் இல்லாமல் ரொக்கம் கொடுத்தால் இரட்டைக் கட்டணம். 2025 நவம்பரில் அதைச் சற்று மாற்றி, பாஸ்டேக் இல்லாதவர் யூபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமென்றால் அதே இரண்டு மடங்கு என்றார்கள். தன் பெயரில் அச்சடித்த நோட்டுக்கு அரசே தள்ளுபடி விலை வைத்த மாதிரி.

இப்போது கல்லாவுக்குள் வாருங்கள். ரொக்கம் ஓசி என்று நினைப்பவர்கள் கல்லாவில் உட்காராதவர்கள். காலை ஆறு மணிக்கு முதல் ஆள் 500 ரூபாயோடு வருவார். சில்லறைக்கு ஆள் வைத்து, எங்கள் பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷன் கொடுத்து வாங்கிய காலம் உண்டு. கிழிந்த நோட்டை இரவு ஒட்டி ஒட்டி வைப்போம். ராத்திரி கணக்கு பார்த்தால் 140 ரூபாய் உதைக்கும். யார் மேல் சந்தேகப்படுவது? வேலைக்கு இருந்த பையனா, அவசரத்தில் கூடுதலாகச் சில்லறை கொடுத்த நானா? ஒரு முறை கள்ள நோட்டு வந்து, வங்கியில் கட்டப் போனவன் ஒரு மணி நேரம் விளக்கம் சொல்லிவிட்டு வந்தான். யூபிஐ வந்ததும் இதில் பாதித் தலைவலி போனது. 2020 ஜனவரியிலிருந்து வியாபாரியிடம் அதற்குக் கட்டணமும் கிடையாது. ஐம்பது பைசாவுக்கு மிட்டாய் கொடுத்து ஏமாற்றும் பழக்கமே ஒழிந்தது. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி வந்த பிறகு, பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்களும் குறைந்தார்கள். எனவே ரொக்கம் வேண்டாம் என்கிற சிறு கடைக்காரரை நான் திட்ட மாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள்: சிறு கடைக்காரர் அநேகமாக மறுப்பதே இல்லை. வருகிற வியாபாரத்தை விட அவருக்கு மனசு வராது.

மறுப்பவை பெரும்பாலும் நாம் ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்ட இடங்கள். மால் ஃபுட் கோர்ட், மருத்துவமனை கேன்டீன், ஐடி வளாகம், பார்க்கிங். பல ஃபுட் கோர்ட்டுகளில் தனிக் கல்லாவே இருக்காது. இடத்துக்காரருக்கு விற்பனையில் பங்கு போகும், அதனால் ஒவ்வொரு தோசையும் அவர் கணக்கில் விழ வேண்டும். ரொக்கம் கையில் புழங்கினால் கடைக்காரர் குறைத்துச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். பொது கவுண்டரில் காசு கட்டி ஒரு கார்டு வாங்கச் சொல்வார்கள். 200 ரூபாய் போட்டு 165க்குச் சாப்பிட்டால் மீதி 35 கார்டிலேயே தூங்கும். என் மேசை டிராயரில் அப்படி மூன்று கார்டுகள் கிடக்கின்றன. "சுத்தம், வேகம், பாதுகாப்பு" என்று போர்டில் எழுதியிருக்கும். பங்குக் கணக்கைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்காது.

சட்டம் ஒன்று சொல்ல, கடைத்தெரு வேறொன்று சொல்வது தமிழ்நாட்டுக்குப் புதிதா என்ன? பத்து ரூபாய் நாணயத்தை நினைத்துப் பாருங்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, புழக்கத்தில் உள்ள 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கையே விட்டது. நம் ஊர்க் கடைகளில் அதற்குப் பிறகும் பல வருடம் "பத்து ரூவா காயின் செல்லாதுங்க" என்றார்கள். 2022இல் அரூர் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் வெறுத்துப்போய், சுமார் ஆறு லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்துக் கொண்டுபோய் கார் வாங்கினார். எல்லோரும் கைதட்டினோம். அதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரைதான் கட்டாயம் செல்லும். அந்த ஷோரூம்காரர் மாட்டேன் என்றிருந்தால் சட்டம் அவர் பக்கம்தான் நின்றிருக்கும். அவர் நல்ல மனுஷன், உட்கார்ந்து எண்ணினார்.

"இப்போது யாரிடம்தான் போன் இல்லை" என்பார்கள். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யூபிஐ பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின, உண்மைதான். அதே நேரத்தில் புழக்கத்தில் உள்ள ரொக்கமும் குறையவில்லை. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்புக்கு முன் சுமார் 18 லட்சம் கோடி இருந்தது, 2025இல் 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. அதாவது மக்கள் போனில் கட்டுகிறார்கள், வீட்டில் நோட்டும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

வீட்டில் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று 2023 டிசம்பர் 4ஆம் தேதி வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருந்தவர்களிடம் கேளுங்கள். மிக்ஜாம் புயலில் கரண்ட் போய், டவர் போய், போன் வெறும் டார்ச் லைட் ஆனது. முழங்கால் தண்ணீரில் நடந்து பால் வாங்கப் போனேன். அரை லிட்டர் 50 ரூபாய் என்றார், அதுவும் ரொக்கமாக. என்னிடம் இருந்தது 80 ரூபாய். வங்கிக் கணக்கில் இருந்த பணத்துக்கு அன்றைக்கு ஒரு பாக்கெட் பால்கூட வரவில்லை. பக்கத்து வீட்டம்மா அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து 300 ரூபாய் எடுத்துக் கைமாற்றாகக் கொடுத்தார். புயல்தான் வர வேண்டும் என்றில்லை. 2025 ஏப்ரல் 12, ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில் நாள், நாடு முழுக்க யூபிஐ சில மணி நேரம் தடுமாறியது. எங்கள் மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டு நேரம். தெரிந்த முகங்களுக்கெல்லாம் நோட்டில் கடன் எழுதினோம், 1990களில் எழுதிய மாதிரி.

உலகத்திலேயே ரொக்கத்தை அதிகம் கைவிட்ட நாடுகளில் ஒன்று ஸ்வீடன். அங்கே 2018இல் அரசே வீடு வீடாக அனுப்பிய நெருக்கடிக் கையேட்டில், சின்ன நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள் என்று சொன்னார்கள். பக்கத்து நார்வே 2024 அக்டோபரிலிருந்து ஆள் இருக்கும் கடைகளில் 20,000 குரோனர் வரை ரொக்கமாகக் கட்டும் உரிமையைச் சட்டத்தில் இறுக்கியது. அமெரிக்காவில் பிலடெல்பியா 2019லும், நியூயார்க் 2020லும் கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று தடை போட்டன. வங்கிக் கணக்கு இல்லாத ஏழைகளை வாசலிலேயே நிறுத்தி வடிகட்டும் வேலை இது என்பதுதான் அங்கே வாதம். நமக்கும் அது பொருந்தும். கூடவே நம் வீடுகளுக்கென்று இன்னொன்றும் உண்டு. வயதானவருக்கு வீட்டில் ஒருவர் தன் கணக்கிலிருந்து பணம் கட்ட அனுமதி தரும் வசதி யூபிஐயில் 2024இல் வந்துவிட்டது. நல்ல வசதி. ஆனால் அத்தை அரைக் கிலோ அல்வா வாங்கினாலும் மகன் போனில் டிங் என்று அடிக்கும். பெண்கள் கடுகு டப்பாவில் காசு போட்டு வைத்ததற்குக் காரணமே யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம் என்பதுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலையில் பெங்களூருவில் சிறு வியாபாரிகளுக்கு யூபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. உடனே பல தள்ளுவண்டிகளில் "யூபிஐ கிடையாது, கேஷ் மட்டும்" என்று அட்டை தொங்கியது. போனை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் முழித்தார்கள். அத்தை முழித்த அதே முழிப்பு. எது கையில் இருந்தாலும் பசித்தவனுக்குச் சோறு கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பப், மல்டிபிளக்ஸ், விலை அதிகமான காபிக்கடை எல்லாம் எப்படியோ போகட்டும், வாசலில் தமிழில் பெரிதாக எழுதிவிட்டு மறுக்கட்டும். மருந்துக்கடை, மருத்துவமனை, பெட்ரோல் பங்க், பஸ், அரசு அலுவலகக் கவுண்டர் இவற்றில் மறுக்கக் கூடாது என்று சட்டம் வர வேண்டும். சில்லறை இல்லையென்றால் சரியான தொகையாகக் கேட்கட்டும், அது நியாயம்.

உங்களுக்கு நடந்தால்: உட்காரும் முன் கேட்டுவிடுங்கள். சாப்பிட்ட பிறகு சொன்னால் சரியான தொகையை மேசையில் வைத்து, பில் கேளுங்கள். கவுண்டரில் நிற்கும் பையனிடம் கத்தாதீர்கள், அவனுக்கு முதலாளி கல்லாவே கொடுக்கவில்லை. மேனேஜரைக் கூப்பிடுங்கள். அவரும் மசியவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அடுத்த மாதம் இன்னொரு கண்ணுக்கு அத்தை வந்தார். மன்னார்குடியிலிருந்தே தூக்குச்சட்டியில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் எடுத்து வந்துவிட்டார். மருத்துவமனை வராண்டாவில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் கீழே போய் ஒரு காபி குடித்தேன். போனில்தான் கட்டினேன்.