மாமரப் பட்டையில் சாம்பல் திட்டு: மருந்து தேவையா?

கேள்வி: கானாடுகாத்தானை ஒட்டி எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. செம்மண் நிலம், அப்பா காலத்து மரங்கள். சில வருஷமாக அடிமரத்திலும் கிளைகளிலும் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகப் படர்கிறது. அது படர்ந்த மரங்களில்தான் காய்ப்பும் குறைவு. சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். மருந்துக் கடையில், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடிக்கச் சொல்கிறார்கள். என் மனைவியோ, "நாம கோழிக் குழம்புக்குப் போடுற கல்பாசி மாதிரியே இருக்கே, எடுத்து வித்தா என்ன?" என்கிறார். எது சரி?

பதில்: மூன்று யோசனைகளில் உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. விற்கலாமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இது நோய் இல்லை. லைக்கன். ஒரு சொம்புத் தண்ணீரைத் திட்டின் மேல் ஊற்றிப் பாருங்கள். சற்று நேரத்தில் சாம்பல் மங்கி உள்ளிருந்து பச்சை தெரியும். இலை போலத் தடித்த திட்டாகப் பார்த்து நகத்தால் கீறினால் மேலே வெளிறிய மெல்லிய தோல், அதன் கீழே பச்சையாக ஒரு வரி, அதற்கும் கீழே வெள்ளைப் பஞ்சு. தோலும் பஞ்சும் பூஞ்சை. நடுவே பச்சையாக இருப்பது பாசி. இரண்டும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்கின்றன.

பூஞ்சைக்குப் பச்சையம் கிடையாது, தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளத் தெரியாது. பாசிக்கு அது தெரியும். ஆனால் சித்திரை வெயிலில் வெறும் பட்டையில் தனியாக நின்று தாக்குப்பிடிப்பது அதற்குச் சிரமம். வாரச் சாகுபடி என்று வைத்துக்கொள்ளுங்களேன்: இடமும் வேலியும் பூஞ்சையுடையது, வெள்ளாமை பாசியுடையது, விளைந்ததில் பெரும்பங்கு பூஞ்சைக்கு. பச்சைப்பாசி தான் தயாரித்த சர்க்கரையை ரிபிட்டால் என்ற இனிப்புப் பொருள் போன்ற வடிவில் கொடுக்கிறது. சில லைக்கன்களில் பச்சைப்பாசிக்குப் பதில் நீலப்பச்சைப்பாசி இருக்கும். அது குளுக்கோஸாகக் கொடுப்பதோடு காற்றிலுள்ள தழைச்சத்தையும் (நைட்ரஜன்) பிடித்துத் தரும். வயலில் அசோலா என்ற நீர்ப்பெரணி விடுகிறோமே, அதன் இலைக்குள் இருந்து தழைச்சத்தைப் பிடிப்பதும் இந்த நீலப்பச்சைப்பாசி இனம்தான். மழையில்லாத மாதங்களில் கூட்டாளிகள் இருவரும் காய்ந்து சுருண்டு கிடப்பார்கள். ஈரம் பட்டதும் விழித்துக்கொள்வார்கள்.

லைக்கன் ஒற்றைச் செடி அல்ல, இரண்டு உயிர்களின் கூட்டு என்று சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் 1867-ல் சொன்னபோது, அன்றைய லைக்கன் வல்லுநர்கள் பலரும் ஒப்புக்கொள்ளவில்லை. பூஞ்சை எஜமான், பாசி அடிமை என்பது அவர் கணக்கு. 2016-ல் பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் குடியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆகப் பங்காளிகள் இரண்டோடு நிற்கவில்லை. பாகப்பிரிவினை சரிசமமா என்ற வாதமும் இன்னும் ஓயவில்லை.

அந்தப் பங்கில் உங்கள் மரத்திடமிருந்து எடுத்தது எதுவும் கிடையாது. சந்தேகமிருந்தால் உங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் சுற்றுச்சுவரைப் பாருங்கள். அங்கேயும் இதே திட்டுகள் இருக்கும். உறிஞ்சுவதற்குச் செங்கல்லில் என்ன சாறு இருக்கிறது? லைக்கனுக்கு நிற்க இடம், வெளிச்சம், மழை, பனி, காற்றோடு வரும் தூசி போதும்.

அப்படியானால் காய்ப்புக் குறைந்த மரத்தில் மட்டும் ஏன் அதிகம்? நீங்கள் பார்த்தது சரி, காரணம்தான் தலைகீழ். மரம் தளர்ந்து இலை குறைந்தால் அடிமரத்துக்கு வெயில் இறங்கும். பட்டை உரிந்து புதுப்பிப்பதும் மெதுவாகும். இரண்டுமே லைக்கனுக்கு வசதி. போர்டோ கலவையில் உள்ள தாமிரம் லைக்கனைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் அதனால் காய்ப்பு அதிகமாகாது. சுரண்டுவது அதைவிட மோசம்: காயம்பட்ட பட்டை வழியாக உண்மையான நோய் உள்ளே போகும்.

அந்தப் பணத்தை எருவில் போடுங்கள். மரத்துக்கு 50 கிலோ மக்கிய தொழு உரம், அடிமரத்தை ஒட்டிக் கொட்டாமல் கிளை நுனி நிழல் விழும் வட்டம் வரை பரப்பிக் கொத்திவிடுங்கள். புரட்டாசி மழை ஈரத்தில் செய்தால் நல்லது. அறுவடை முடிந்ததும் காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் கழித்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். அந்த மருந்துக்குச் சரியான இடம் அதுதான். அடிமரத்தில் துளையும் மரத்தூளும் தெரிந்தால் தண்டுத் துளைப்பான் வேலை. கொக்கிக் கம்பியால் புழுவை இழுத்துப் போட்டு, துளையைக் களிமண்ணால் அடையுங்கள். இந்த வயது மரத்தில் என் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

இலைகளையும் பாருங்கள். செங்கல் பொடி தூவியது போல வெல்வெட்டாகச் செம்புள்ளி இருந்தால் அது செந்துரு. அதுவும் ஒரு பாசிதான், ஆனால் பூஞ்சையின் கூட்டில்லாமல் இலைத் திசுவுக்குள் நேராகவே புகுந்துவிடும். அதற்கு மட்டும் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து தெளிக்கலாம்.

இனி கல்பாசி. அதுவும் லைக்கன்தான். ஆனால் கடைக்கு வருவது மேற்குத் தொடர்ச்சி மலை, இமயமலைச் சரிவு போன்ற குளிர்ந்த இடங்களில் சேகரித்தது: காய்ந்த இலை போலச் சுருண்டு, மேல்பக்கம் சாம்பலும் அடிப்பக்கம் கறுப்புமாக இருக்கும். வெக்கையான நம் பக்கத்துத் திட்டு பெரும்பாலும் பட்டையோடு பட்டையாக ஒட்டியது, உரித்தால் தூளாகத்தான் வரும். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்கூட வளராத இனங்கள் இவற்றில் நிறைய. பயிர் செய்யலாமா என்றால், கல்பாசியைத் தோட்டத்தில் வளர்த்து விற்கும் முறை இன்றுவரை வரவில்லை. வீட்டுக் குழம்புக்கும் தோப்பிலிருந்து எடுக்க வேண்டாம். காற்றில் வருவதையெல்லாம் லைக்கன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மாம்பூவுக்கு அடித்த பூச்சிமருந்தும் அதில் இருக்கலாம்.