ரைஃபிள் தோட்டாவைக் கையால் நிரப்பும்போது, பவுடரை (குண்டைத் தள்ள உள்ளே எரியும் வெடிமருந்தை) மாற்றினால் பழைய அளவையே போடலாமா?

கூடாது. எடை ஒன்றாக இருந்தாலும் எரியும் வேகம் வேறு. ‘எரிவேகம்’ என்பது பவுடர் எவ்வளவு சீக்கிரம் வாயுவாக மாறுகிறது என்பதுதான். வேகமாக எரிவது, குண்டு குழலில் அதிக தூரம் நகரும் முன்பே அழுத்தத்தை ஏற்றிவிடும். மெதுவாக எரிவது குண்டைத் தள்ளிக்கொண்டே போகும். ஒரு கிலோ மரச்சீவலும் ஒரு கிலோ விறகுக்கட்டையும் ஒரே மாதிரியா எரிகின்றன? அடுப்பில் அது சின்ன விஷயம். துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையிலோ, பல ரைஃபிள்களில் சாதாரணமாகவே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டைத் தாண்டும். அதற்கும் மேலே போனால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

அதனால் பவுடர் மாறினால் எல்லாம் முதலிலிருந்துதான்: தயாரிப்பாளர் கையேட்டில் அந்தப் பவுடருக்கும் அந்தக் குண்டுக்கும் உள்ள தொடக்க அளவில் ஆரம்பித்து, சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்குவழி இல்லை.

பெயரில் எண் ஒன்றாக இருந்தால் பவுடரும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். எச் 4831, ஐஎம்ஆர் 4831 இரண்டும் வெவ்வேறு வேகத்தில் எரிபவை.