பிரிட்டனில் டிரையம்ஃப் டிஆர்6 எத்தனை மிச்சம்? வாங்கும் முன் யாரைக் கேட்பது?

கேள்வி: கோவென்ட்ரியில் வேலை பார்க்கிறேன். 1972ஆம் வருட டிரையம்ஃப் டிஆர்6 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சிவப்பு நிறம், வலப்பக்க ஸ்டீயரிங், பார்க்க அம்சமாக இருக்கிறது. "இந்த நாட்டிலேயே இன்னும் சில நூறுதான் இருக்கு, விட்டால் கிடைக்காது" என்கிறார் விற்பவர். உண்மையில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? அப்புறம், இந்த வண்டிக்காரர்கள் மாதாமாதம் ஓரிடத்தில் கூடுவார்களாமே. சொந்த வண்டி இல்லாமல் அங்கே போய் நின்றால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: சில நூறு என்பது வியாபாரப் பேச்சு. டிஆர்6 பிரிட்டனில் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. இதை விட்டால் அடுத்த மாதம் வேறொன்று விற்பனைக்கு வரும். அதனால் அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். "விட்டால் கிடைக்காது" என்பதை இதற்கு முந்தைய டிஆர்5 பற்றிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம்; அதில் மொத்தம் செய்ததே 2,947 வண்டிகள்தான். டிஆர்6 கதை வேறு.

டிஆர்6 நீங்கள் இப்போது இருக்கும் ஊரிலேயே பிறந்த வண்டி. கான்லியில் இருந்த டிரையம்ஃப் தொழிற்சாலையில்தான் 1968 கடைசி முதல் 1976 ஜூலை வரை செய்தார்கள். (அந்த வளாகம் இப்போது வணிக வளாகம். ஹெரால்ட் அவென்யூ, டாலமைட் அவென்யூ என்று தெருக்களுக்கு மட்டும் பழைய மாடல்களின் பெயர் மிஞ்சியிருக்கிறது.) பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி மொத்தம் 94,619 வண்டிகள். 91,850 என்று சொல்லும் கணக்கும் உண்டு. செய்த எண்ணிக்கையிலேயே இப்படி இரண்டு பேச்சு இருக்கும்போது, மிஞ்சிய எண்ணிக்கையை யாராவது ஒற்றை இலக்கம் வரை துல்லியமாகச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

உங்களுக்கு முக்கியமானது இனிமேல்தான். அந்த 94,619இல் 86,249 வண்டிகள் கப்பலேறிவிட்டன, பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. பிரிட்டனில் புதிதாக விற்றவை வெறும் 8,370. பத்தில் ஒன்றுகூட உள்ளூரில் தங்கவில்லை. பிரிட்டிஷ் மழையிலும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பிலும் அவற்றில் நிறைய துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போய்விட்டன. பிற்பாடு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு விலை ஏறியதும், அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் துருவில்லாமல் கிடந்த வண்டிகளை வியாபாரிகள் திரும்பக் கொண்டுவந்தார்கள். பலவற்றில் ஸ்டீயரிங்கை இடமிருந்து வலத்துக்கு மாற்றினார்கள். டிஆர்6இல் அது பெரிய வேலையே இல்லை. ஆகவே இன்று பிரிட்டனில் உள்ள எண்ணிக்கை என்பது, விற்றதில் செத்தது போக மிச்சம், அதோடு திரும்பி வந்தவை. இது குறைந்துகொண்டே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு வருடம் கூடவும் செய்யும்.

அரசுக் கணக்கை நீங்களே பார்க்கலாம். பிரிட்டிஷ் போக்குவரத்துத் துறை காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் வாகனப் புள்ளிவிவரங்களில் விஇஎச்0120 என்ற அட்டவணையில் ஒவ்வொரு மாடலும் எத்தனை என்று இருக்கும். சாலையில் ஓட உரிமம் உள்ளவை தனி, 'சோர்ன்' போட்டு, அதாவது சாலையில் ஓட்டவில்லை என்று அரசுக்கு அறிவித்துவிட்டு, ஷெட்டில் நிற்பவை தனி. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். டிஆர்6 போன்ற வண்டியைப் பலர் குளிர்காலம் முழுக்க சோர்னில் போட்டுவிட்டு வசந்தத்தில்தான் வெளியே எடுப்பார்கள். டிசம்பர் கணக்கில் உரிமம் உள்ளவற்றை மட்டும் பார்த்துவிட்டு 'அழிந்துவருகிறது' என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டையும் கூட்டினாலும் கணக்கு முழுமையாகிவிடாது. சோர்ன் முறை வந்தது 1998 ஜனவரி 31இல். அதற்கு முன்பே வரி கட்டாமல் நிறுத்திவைத்து, இன்றுவரை அசைக்காத வண்டிகளுக்கு சோர்ன் தேவையில்லை. அவை எந்தப் பட்டியலிலும் வராது. பண்ணைக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து திடீரென வெளிப்படுகிற வண்டிகள் இந்த ரகம்தான். போதாததற்கு, பதிவுசெய்த குமாஸ்தா எப்படி எழுதினாரோ அப்படியே ஒரே மாடல் பல வரிகளில் சிதறிக் கிடக்கும். 'மாடல் விவரம் இல்லை' என்று ஒரு வரியே உண்டு, அதில் எத்தனை டிஆர்6 ஒளிந்திருக்கிறதோ! எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அட்டவணை உள்ளூரில் பிறந்து உள்ளூரிலேயே வளர்ந்த வண்டியையும், டெக்சாஸில் இருந்து வந்து ஸ்டீயரிங் மாறிய வண்டியையும் பிரித்துக் காட்டாது. விலையில் பெரிய வித்தியாசம் வருவதே அங்கேதான்.

சரி, உங்கள் சிவப்பு வண்டி எந்த ரகம்?

நம்பர் பிளேட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1972இல் பிரிட்டனில் பதிவான வண்டிக்கு நம்பரின் கடைசி எழுத்து கே அல்லது எல். ஆனால் பின்னாளில் இறக்குமதியான 1972 வண்டிக்கும் டிவிஎல்ஏ என்ற அரசின் வாகனப் பதிவு அலுவலகம் அதன் வயதுக்கேற்ற நம்பரைத்தான் கொடுக்கும், அதிலும் கடைசி எழுத்து அதுவாகவே இருக்கும். லாக்புக்கை, அதாவது வி5சியைக் கேட்டு வாங்கி, பிரிட்டனில் முதலில் பதிவான தேதியைப் படியுங்கள். 1972 வண்டிக்கு அங்கே 1990 என்றோ 2014 என்றோ இருந்தால் கதை விளங்கிவிடும்.

அடுத்து, வண்டியில் தகட்டில் பொறித்திருக்கும் கமிஷன் நம்பர். வேறு கம்பெனிகள் சேஸி நம்பர் என்று சொல்வதை டிரையம்ஃப்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அது 'சிபி' என்று தொடங்கினால், லூகாஸ் கம்பெனியின் பெட்ரோல் இன்ஜெக்ஷனோடு (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் முறை) பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் செய்த வண்டி. 1972 கடைசியில் இது 'சிஆர்' ஆக மாறியது. 'சிசி', 'சிஎஃப்' என்று தொடங்கினால் அமெரிக்காவுக்காகச் செய்தது. இன்ஜெக்ஷன் கிடையாது, இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர். நம்பரின் கடைசியையும் கவனியுங்கள். 'எல்' இருந்தால் இடப்பக்க ஸ்டீயரிங்கோடு போன வண்டி, 'ஓ' இருந்தால் தொழிற்சாலையிலேயே ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர், வைத்தது. 'சிபி' என்று தொடங்கி 'எல்' என்று முடிகிற நம்பர் இருந்து, இன்று ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால், பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ இருந்துவிட்டு வந்த வண்டியாக இருக்கலாம். அதில் தவறொன்றும் இல்லை. உள்ளூர் வண்டியின் விலையை அதற்குக் கேட்டால்தான் தவறு.

'மேட்சிங் நம்பர்ஸ்', அதாவது தொழிற்சாலையில் வைத்த அதே எஞ்சின்தான் இன்றும் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டிஆர்6இல் எஞ்சின் நம்பரும் கமிஷன் நம்பரும் ஒன்றாக இருக்காது, தொழிற்சாலையிலிருந்தே வேறு வேறுதான். முன்னெழுத்துகள் பொருந்துகின்றனவா என்று மட்டும்தான் நாம் கண்ணால் பார்க்க முடியும். இந்த வண்டியில் எந்த எஞ்சின் வைத்து அனுப்பினார்கள் என்பதைச் சொல்லக்கூடியது உற்பத்திப் பதிவேடு. அது கோவென்ட்ரியிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில், கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கமிஷன் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் ஹெரிட்டேஜ் சான்றிதழ் தருவார்கள். செய்த தேதி, எஞ்சின் நம்பர், முதல் நிறம், எந்த நாட்டுக்குப் போனது எல்லாம் அதில் இருக்கும். உங்கள் சிவப்பு வண்டி பிறக்கும்போது மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். எழுபதுகளின் பழுப்பு இன்று பலருக்குப் பிடிப்பதில்லை, ஆகவே சிவப்பாக மாறியவை நிறைய.

பானெட்டைத் திறந்து பார்ப்பதும் எளிதுதான். ஒரு சின்ன உலோக யூனிட்டிலிருந்து ஆறு மெல்லிய குழாய்கள் பிரிந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போனால் அதுதான் இன்ஜெக்ஷன். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பச் சொல்லுங்கள். டிக்கிப் பக்கமிருந்து பம்ப் ரீங்காரம் போடும். நூறு பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் கொடுக்க வேண்டிய பம்ப் அது. பழைய லூகாஸ் பம்ப் வெயில் காலத்தில் சூடேறித் தகராறு செய்யும் என்பதால் பலர் பாஷ் பம்ப் போட்டுவிட்டார்கள். மாற்றியிருந்தால் குறையாக நினைக்காதீர்கள், ஓட்டுகிறவருக்கு அது நிம்மதி. சிபி வண்டிக்கு 150, சிஆர் வண்டிக்கு 124 குதிரைத்திறன் என்று சொல்வதைக் கேட்டும் பயப்பட வேண்டாம். எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைச் சாதுவாக்கியது உண்மை. அளக்கும் முறை மாறியதும் அந்த வித்தியாசத்தில் சேர்ந்திருக்கிறது.

துரு விஷயத்தில் பளபளக்கும் பெயிண்டை நம்ப வேண்டாம். இந்த வண்டிக்குத் தனி சேஸி, அதாவது அடிச்சட்டம் உண்டு. பின்பக்கம், எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்பரன்ஷியலைச் சுற்றி, சஸ்பென்ஷன் கைகள் வந்து சேரும் இடத்தில் தகடுகள் அடுக்கடுக்காகப் பற்றவைத்திருக்கும். அதன் வடிவத்தைப் பார்த்து டிஆர்காரர்கள் 'டி-ஷர்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த அடுக்குகளுக்கிடையே தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே அரித்துவிடும். டிஃப்பரன்ஷியலைத் தாங்கும் பிராக்கெட்டுகள் விரிசல் விடுவதும் இங்கேதான். கிளட்சை விடும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று கேட்டால் லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். நாற்பது வருடம் தாண்டிய வண்டிக்கு வரி இல்லை. பெரிய மாறுதல் செய்யாமலிருந்தால் 2018 மே முதல் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. வசதிதான், ஆனால் வாங்குகிறவருக்கு இதில் ஒரு பாதகம் உண்டு. அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கக்கூடிய எம்ஓடி வரலாறு பல வண்டிகளுக்கு 2018ஓடு நின்றுவிடுகிறது. பழைய சோதனைகளில் என்ன குறை எழுதினார்கள் என்று பாருங்கள். புதிதாக ஒரு எம்ஓடி போட்டுத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் இருக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தாராளமாகப் போங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சொல்லப்போனால் வண்டி வாங்கும் முன் போவதுதான் புத்திசாலித்தனம். 1970இல் தொடங்கிய டிஆர் ரெஜிஸ்டர் என்ற கிளப்பின் தலைமை அலுவலகம் டிட்காட்டில் இருக்கிறது. நாடு முழுக்க உள்ளூர்க் குழுக்கள் உண்டு. பெரும்பாலும் மாதம் ஒருநாள் மாலை ஏதாவது ஒரு பப்பில் கூடுவார்கள். மது குடிக்க வேண்டும் என்பதில்லை. வண்டி ஓட்டி வருகிறவர்கள் பலர் காபியோடுதான் நிற்பார்கள். குழுவின் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதி, "வாங்கலாம் என்று இருக்கிறேன், பார்க்க வரலாமா?" என்று கேளுங்கள். போனதும் யாராவது ஒருவர் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையாக நிற்கும் வண்டிகளைக் காட்ட ஆரம்பித்துவிடுவார். நிறுத்துவதுதான் கஷ்டம்.

அங்கே இரண்டு மரியாதை போதும். கேட்காமல் வண்டியில் கை வைக்கக் கூடாது. இடுப்பு பெல்ட் பக்கிளும் தோள்பையும் பெயிண்டில் உரசுவதைத்தான் அவர்கள் அதிகம் வெறுக்கிறார்கள். அப்புறம், எடுத்த எடுப்பில் "எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?" என்று கேட்கக் கூடாது. எங்கே துருப்பிடித்தது, யாரிடம் வேலை கொடுத்தீர்கள் என்று கேட்டால் விலை தானாகவே பேச்சில் வந்துவிடும். கமிஷன் நம்பரையும் கையோடு எடுத்துப்போங்கள். நீங்கள் பார்த்திருக்கும் வண்டி அந்தப் பக்கத்து வண்டி என்றால், அதை நேரிலேயே அறிந்த ஆள் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

மாதக் கூட்டம் தவிர, ஏப்ரலில் வரும் 'டிரைவ் இட் டே' அன்று நாடு முழுவதும் பழைய வண்டிகள் சாலைக்கு வரும். 1900இல் நடந்த ஆயிரம் மைல் சோதனை ஓட்டத்தின் நினைவாக நடப்பது அது. நவம்பரில் பர்மிங்காம் என்இசி அரங்கில் பெரிய கண்காட்சி. உங்களுக்குப் பக்கம்தான், கிளப் ஸ்டால்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். உதிரிபாகம் தேடுகிறவர்களுக்கு செப்டம்பரில் பியூலியில் கூடும் சந்தை. வண்டி தாங்குமா என்று சோதிக்க ஆசைப்படுகிறவர்கள் கிளப் டிரையம்ஃப் என்ற இன்னொரு கிளப் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் ஓட்டத்தில் சேர்கிறார்கள். 48 மணி நேரத்தில் சுமார் 2,000 மைல், நாட்டைச் சுற்றி. முதல் வருடமே அதில் குதிக்காதீர்கள்.

கிளப் சந்தாவைச் செலவாக நினைக்க வேண்டாம். பழைய வண்டிக்கு 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற முறையில், அதாவது வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்து, இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். இல்லையென்றால் விபத்தில் சந்தை மதிப்பு என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்வதுதான் கணக்கு. அந்த மதிப்பை உறுதிப்படுத்தும் கடிதம் கிளப் வழியாகக் கிடைக்கும்.

இந்த வாரம் விற்பவரிடம் மூன்று படம் மட்டும் கேளுங்கள்: கமிஷன் தகடு, எஞ்சின் நம்பர், வி5சியில் பதிவுத் தேதி உள்ள பக்கம். சான்றிதழுக்கு அதை வைத்தே விண்ணப்பித்துவிடலாம். நம்பர் 'சிபி'யில் தொடங்கி, கடைசியில் 'எல்' இல்லாமல், வி5சியிலும் 1972 என்றே இருந்தால், அந்த 8,370இல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு நல்ல விலையே பேசலாம். 'சிசி' என்று வந்தால், துருவில்லாத உடம்புக்கு மட்டும் விலை சொல்லுங்கள்.