எரிக்காமல் இழுத்தால் நுரையீரல் தப்புமா?

கஞ்சாவைப் புகைக்காமல் வேப்பரைசரில் ஆவியாக இழுப்பது பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. அதனால் இந்த முறை பகுதி முழுக்க அதுதான். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் நுரையீரல் டாக்டர், மூச்சுக்குழாயைத் தாண்டி எனக்கு அதிகாரம் இல்லை.

கேள்வி: எனக்கு 61 வயது. சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இருப்பதால் இன்ஹேலரும், இரவில் மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரையும் எடுக்கிறேன். சிகரெட்டை விட்டு வெகுகாலம் ஆகிறது. தண்டுவட வலிக்காக, டாக்டர் சீட்டோடு கஞ்சா எடுத்துக்கொள்கிறேன். இதுவரை சுருட்டித்தான் புகைத்தேன். மருமகன் ஒரு வேப்பரைசர் வாங்கி வந்து, "மாமா, இதில் புகையே கிடையாது, வெறும் ஆவிதான். உங்கள் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார். நம்பலாமா?

மருமகன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அக்கறையோடு வாங்கி வந்தவரைக் குறை சொல்லித் தொடங்க எனக்கு மனமில்லை.

சுருட்டிப் பற்றவைத்ததின் நுனி, நீங்கள் இழுக்கும் நொடியில் பல நூறு டிகிரி சூட்டுக்குப் போகிறது. அந்தச் சூட்டில் இலை எரிந்து தாரும், கார்பன் மோனாக்சைடும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஹைட்ரோகார்பன்களும் கிளம்பும். இந்த விஷயத்தில் கஞ்சாப் புகை சிகரெட் புகைக்கு இளைத்ததல்ல. போதாததற்கு, கஞ்சா புகைப்பவர்கள் ஆழமாக இழுத்து நேரம் பிடித்து வைக்கிறார்கள். 1988-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஒரு சிகரெட்டை விட ஒரு கஞ்சாச் சுருட்டில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியது சுமார் 5 மடங்கு, உள்ளே போன தார் சுமார் 3 மடங்கு.

வேப்பரைசர் 180 முதல் 210 டிகிரி செல்சியஸ் வரைதான் சூடேற்றும். அதற்குள்ளேயே கஞ்சாவின் முக்கியப் பொருட்களான டிஹெச்சியும் (போதை தருவது) சிபிடியும் (போதை தராதது) ஆவியாகிவிடும், இலை தீப்பிடிக்காது. இஸ்திரிப் பெட்டியின் சூடும் கிட்டத்தட்ட இந்த அளவுதான். துணியைச் சுடும், எரிக்காது. ஒரே இடத்தில் அதிக நேரம் வைத்துவிட்டால் கருக்கிவிடும், அதையும் நினைவில் வையுங்கள். 2007-இல் சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஏப்ரம்ஸ் குழுவினர் 18 பேரை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். ரத்தத்தில் சேர்ந்த டிஹெச்சி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆவியாக எடுத்தபோது வெளிமூச்சில் கார்பன் மோனாக்சைடு மிகவும் குறைவாக இருந்தது. வழக்கமாகப் புகைக்கும் 20 பேரை ஒரு மாதம் ஆவிக்கு மாற்றிப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் இருக்கிறது. அந்த மாதம் சளி, காய்ச்சல் வராமல் இருந்தவர்களுக்கு நெஞ்சுத் தொல்லைகள் குறைந்தன. ஆக, எரிப்பதோடு ஒப்பிட்டால் ஆவி மேல். இதில் எனக்குத் தகராறு இல்லை.

ஆனால் அந்த 18 பேரும் ஆரோக்கியமானவர்கள். அடுத்த 20 பேருக்கும் பெரிய நுரையீரல் நோய் கிடையாது. உங்கள் நெஞ்சு அவர்களுடையதைப் போன்றதல்ல.

சிஓபிடி நோயாளிகளையே வைத்து மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2018-இல் வெளிவந்தது. 16 பேர். 35 மில்லிகிராம் கஞ்சாவை ஆவியாகக் கொடுத்து, உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். இன்னொரு நாள் டிஹெச்சி பெரும்பாலும் நீக்கப்பட்ட கஞ்சா. மூச்சு வாங்குவது குறையவில்லை, மிதிக்கும் நேரம் கூடவில்லை, மூச்சுக்குழாய் விரியவும் இல்லை, சுருங்கவும் இல்லை. "பார்த்தீர்களா, கெடுதல் இல்லையே" என்று மருமகன் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வேளைக்கான விடை அது. நீங்கள் தினமும் எடுக்கப்போகிறவர். அப்புறம், கஞ்சா இழுத்தால் மூச்சு லேசாகும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதற்கும் இந்தச் சோதனை பதில் சொல்லிவிடுகிறது.

ஆவி என்று நாம் சொல்வது தண்ணீர் ஆவி போன்றதல்ல. சூடான வாயு குளிர்ந்து, ஒட்டும் தன்மையுள்ள நுண்ணிய துளிகளாக மாறியே உள்ளே போகிறது. கூடவே செடியின் வாசனைப் பொருட்களான டெர்பீன்களும் போகும். உங்கள் மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் பழைய சிகரெட்டால் ஏற்கெனவே பாதி செயலிழந்தவை. ஆரோக்கியமானவருக்கு ஒரு இருமலோடு போவது உங்களுக்கு நிற்காத இருமலாகும். எம்பைசிமா (நுரையீரலின் காற்றறைகள் சிதைந்துபோகும் நோய்) இருந்து, நுரையீரலின் மேல்பகுதியில் காற்றுக் கொப்புளங்கள் இருக்கின்றன என்று ஸ்கேனில் எழுதியிருந்தால், ஆழமாக இழுத்து, அடக்கி, பலமாக இருமுவது உங்களுக்கு ஆகவே ஆகாது. கொப்புளம் உடைந்து நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று புகுந்துவிடலாம். திடீரென்று ஒரு பக்கம் குத்தும் வலியும் மூச்சுத் திணறலும் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது தியோஃபிலின். புகை எதுவானாலும், சிகரெட்டோ கஞ்சாவோ, அதிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு இந்த மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். அதற்கு ஏற்றபடி உங்கள் டாக்டர் டோஸைச் சற்றுக் கூட்டி வைத்திருக்கலாம். இப்போது நீங்கள் புகையை விட்டு ஆவிக்கு மாறினால் அந்தத் தூண்டுதல் போய்விடும். அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகத் தங்கும். குமட்டல், கை நடுக்கம், படபடப்பு, முற்றினால் வலிப்பு கூட வரும். கஞ்சாவே இதயத் துடிப்பைக் கூட்டும் என்பதால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். நல்ல மாற்றம்தான், ஆனால் டாக்டருக்குத் தெரியாமல் செய்யக்கூடாத மாற்றம். ரத்தத்தில் தியோஃபிலின் அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்கு வலிதான் பிரச்சினை, அந்த மருந்து நுரையீரல் வழியாகத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வாய்வழி எண்ணெய்த் துளிகள், காப்ஸ்யூல், வாயில் தெளிக்கும் ஸ்பிரே என்று வகைகள் இருக்கின்றன. விழுங்கும் மருந்து வேலை காட்ட அரை மணியிலிருந்து 2 மணி நேரம் வரை ஆகும். "ஒன்றும் தெரியவில்லையே" என்று இரண்டாவது வேளை போட்டுவிடாதீர்கள், மாட்டிக்கொள்பவர்கள் எல்லாம் அங்கேதான் மாட்டுகிறார்கள். தூக்க மாத்திரையோ, மார்ஃபின் வகை வலி மருந்தோ கூட எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிஓபிடி முற்றியவர்களுக்கு அசதி கூடினால் மூச்சும் மந்தமாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேப்பரைசர்தான் என்றால், உலர்ந்த பூவைச் சூடாக்கும், டிகிரி காட்டும் கருவியாக இருக்கட்டும். கஞ்சா எண்ணெய் அடைத்த, பேனா வடிவ வேப்பரைசர் வேண்டாம், காரணம் அடுத்த பதிலில். சூட்டைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். முடித்த பிறகு கிண்ணத்தைத் திறந்து பாருங்கள்: மிச்சம் பழுப்பாக இருந்தால் சூடாகியிருக்கிறது, கறுத்துச் சாம்பலானால் எரிந்திருக்கிறது, நீங்கள் புகைத்திருக்கிறீர்கள். விலை குறைந்த கருவிகளில் இது அடிக்கடி நடக்கும். சளி பிடித்து நிறம் மாறியிருக்கும் நாட்களில் தொடவே வேண்டாம். மாறும் முன் ஒரு ஸ்பைரோமெட்ரி (நுரையீரலின் திறனை அளக்கும் ஊதும் சோதனை), மூன்று மாதம் கழித்து இன்னொன்று ஊதிப் பாருங்கள். மருமகனுக்கும் எனக்கும் உள்ள வழக்கை அந்தத் தாள் தீர்க்கும்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது, சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. நண்பனிடம் வாங்கிய கஞ்சா எண்ணெய்ப் பேனாவை இழுக்கிறான். கேட்டால், "இழுத்தால் நெஞ்சு திறக்குதும்மா, இன்ஹேலரை விட நல்லா இருக்கு" என்கிறான். அப்படியும் இருக்குமா டாக்டர்?

அவன் முழுப் பொய் சொல்லவில்லை, அதுதான் சங்கடம். டிஹெச்சி மூச்சுக்குழாயைச் சிறிது நேரம் விரிக்கும் என்பது 1970-களிலேயே தெரிந்துவிட்டது. டொனால்ட் டாஷ்கின் என்ற நுரையீரல் டாக்டர் கலிபோர்னியாவில் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். மருந்தாக மாற்றலாமே என்று ஆசைப்பட்டு, புகையே இல்லாமல் சுத்தமான டிஹெச்சியை நுண்துளிகளாக்கி, ஆஸ்துமா உள்ள 5 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 3 பேருக்கு விரிந்தது. மற்ற 2 பேருக்கு இருமலும் நெஞ்சுப் பிடிப்பும் வந்து குழாய் சுருங்கிவிட்டது. புகை இல்லை, தார் இல்லை, ஆனாலும் சுருங்கியது. ஐம்பது வருடம் ஆகப்போகிறது, எந்த டாக்டரும் ஆஸ்துமாவுக்கு டிஹெச்சி எழுதித் தருவதில்லை என்றால் காரணம் இதுதான். உங்கள் மகன் அந்த 3 பேரில் ஒருவன் என்று இன்று நினைக்கிறான். நெஞ்சு கொஞ்சம் திறந்தது போல இருப்பதால், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை அவன் விட்டிருப்பான் என்பது என் ஊகம். டப்பாவில் எண் காட்டும் வகையாக இருந்தால் எத்தனை மிச்சம் என்று பாருங்கள், திட்டுவதற்கு முன்னால்.

அந்தப் பேனா விஷயம் இதை விட மோசம். 2019-இல் அமெரிக்காவில் இளைஞர்கள் வரிசையாக மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். பலருக்கு வாந்தியும் வயிற்று வலியும் காய்ச்சலும் கூட இருந்தன. தொற்று எதுவும் அகப்படவில்லை. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள், 68 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் இழுத்தது டிஹெச்சி எண்ணெய், அதுவும் நண்பர்களிடமும் தெருவிலும் இணையத்திலும் வாங்கியது. நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்தபோது 51 பேரில் 48 பேருக்கு வைட்டமின் இ அசிடேட் இருந்தது. எண்ணெய் கெட்டியாகத் தெரிய வேண்டும் என்று விற்பவர்கள் கலந்த சரக்கு. மாத்திரையில் விழுங்கினாலோ தோலில் பூசினாலோ ஒன்றும் செய்யாத பொருள்தான். காற்றறைக்குள் அதற்கு வேலை இல்லை.

அது இல்லாத எண்ணெய் என்றாலும் நான் சம்மதிக்க மாட்டேன். எண்ணெயில் கலக்கும் கிளைகால் வகைத் திரவங்கள் அதிகச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு தரும். மலிவான கம்பிச் சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் வரும். நண்பன் நல்லவனாக இருக்கலாம், பேனாவின் எண்ணெய்க் குப்பியில் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. மூச்சு வாங்குவதோடு காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்தால், பேனாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர் கேட்கும் முன்பே அவனைச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய், கீமோதெரபி நடக்கிறது. குமட்டலுக்கு வேப்பரைசரில் கஞ்சா எடுக்கலாமா என்று கேட்கிறாள். நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது.

வேண்டாம். காய்ந்த செடியில் ஆஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கலாம். நானும் நீங்களும் அவற்றைச் சாதாரணக் காற்றிலேயே சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நம் வெள்ளணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. உங்கள் அக்காவுக்கு இப்போது அவை குறைவு. கஞ்சாவிலிருந்து வந்த பூஞ்சை நுரையீரலுக்குள் பரவி, மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்ற ஒருவர் இறந்ததை 1988-லேயே மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். வேப்பரைசரின் சூடு எல்லா வித்துகளையும் கொன்றுவிடும் என்று நம்பி உட்கார முடியாது. சில நொடி சூடான காற்றில் எது பிழைக்கும், எது சாகும் என்று யார் உத்தரவாதம் தருவது?

குமட்டலுக்கு ஒண்டான்செட்ரான் முதல் எத்தனையோ மருந்துகள் இருக்கின்றன. அவை கேட்கவில்லை என்றால், டிஹெச்சியைச் செயற்கையாகத் தயாரித்து விழுங்கும் காப்ஸ்யூலாகவே சில நாடுகளில் கொடுக்கிறார்கள். அக்காவின் புற்றுநோய் டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். உறுப்பு மாற்று செய்து, புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் எடுப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வரி: பூஞ்சை பற்றிச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். கூடவே, சிபிடி உங்கள் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வாய்வழி எடுத்தாலும் ஏறும்.

கேள்வி: ஆவியை நெஞ்சில் எவ்வளவு நேரம் அடக்கினால் முழுப் பலன் கிடைக்கும்?

அடக்கவே வேண்டாம். டிஹெச்சி முதல் சில நொடிகளிலேயே ரத்தத்தில் கலந்துவிடுகிறது. நேரத்தைக் கூட்டி அடக்கச் சொல்லிச் சோதித்தபோது போதையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. இழுத்த உடனே விட்டுவிடுங்கள். தலை கிறுகிறுப்பதை மருந்து ஏறியதாக நினைப்பவர்கள் உண்டு, மூச்சை அடக்கினாலே அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: அடுத்த மாதம் எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. வேப்பரைசர் உபயோகிப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? புகைப்பதில்லையே, ஆவிதானே?

கட்டாயம் சொல்லுங்கள். அவருக்குப் புகையைப் பற்றி மட்டும் கவலையில்லை. தினமும் கஞ்சா எடுப்பவர்களுக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம், விழித்த பிறகு வலி மருந்தும் அப்படியே. இதயம் வேகமாக ஓடலாம், குழாய் செருகும்போது மூச்சுப்பாதை சட்டென்று இறுகலாம். புகைத்தாலும் ஆவியாக இழுத்தாலும் விழுங்கினாலும் இதில் பெரும்பகுதி ஒன்றுதான். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, கடைசியாக எப்போது என்று மூன்றையும் சொல்லுங்கள். சிகிச்சை நாளன்று காலையில் "பதற்றத்துக்காக ஒரு இழுப்பு" மட்டும் கூடாது. அப்படி இழுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அன்றைய அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம், கோபப்படாதீர்கள்.