பிள்ளைகள் குறைவான அரசு நடுநிலைப் பள்ளியில் படிப்பும் குறைவாகத்தான் இருக்குமா?

திருமங்கலம் பக்கம் உங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மொத்தமே அறுபது சொச்சம் பிள்ளைகள், எட்டாவதில் பாதிப் பேருக்கு வகுத்தல் வராது என்கிறார்கள், மகளை ஆறாவதில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் உசிலம்பட்டிப் பக்கம். வயரிங் வேலை. என் மகள் இதே மாதிரி ஒரு பள்ளியில்தான் எட்டாவது முடித்தாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்ததால் மதிப்பெண் பட்டியலை எல்லாம் கிட்டத்தில் பார்த்தவன்.

பாதிப் பேர் என்றால் எத்தனை பேர் என்று முதலில் விசாரியுங்கள். மகள் வகுப்பில் 9 பேர். ஒரு பிள்ளை தேறினால் 11 சதவீதம் ஏறும், ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் 11 சதவீதம் இறங்கும். ஒரு வருஷம் தேர்ச்சி நன்றாகக் கூடியிருக்கிறது என்று கூட்டத்தில் கை தட்டினோம். அப்புறம்தான் தெரிந்தது, வாசிக்கத் திணறுகிற இரண்டு பையன்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்த 9 பேரில் சிலர் யார் என்று சொல்கிறேன். இரண்டு பேருடைய அப்பா அம்மா வடக்கே முறுக்கு போடப் போய்விட்டார்கள், பிள்ளைகள் அப்பத்தா வீட்டில். ஒருவன் செங்கல் சூளையில் வேலை செய்கிற குடும்பம். சீசன் முடிந்துதான் வருவான், அதற்குள் பாதிப் பாடம் ஓடியிருக்கும். ஒருவன் மஞ்சள் வேன் வருகிற பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல் ஏழாவதில் வந்து சேர்ந்தவன். இங்கிலீஷில் பத்திப் பத்தியாக ஒப்பிப்பான், தமிழில் ஒரு லெட்டர் எழுதச் சொன்னால் முழிப்பான். இரண்டு பெண் பிள்ளைகள் விடியுமுன்னே மல்லிகைக் காட்டுக்குப் போகிறவர்கள். மொட்டாக இருக்கும்போதே பறித்து, சந்தைக்கு ஏற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடம். பங்குனி சித்திரையில் பூ கொட்டும், முழு ஆண்டுத் தேர்வும் அப்போதுதான் வரும். தேர்வு அறையில் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிழுந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு வகுத்தல் நன்றாகவே வரும்.

இன்னொன்று என் மனதில் கிடந்து உறுத்துவது. காலை உணவுத் திட்டம் நம்ம மதுரையில்தான் 2022 செப்டம்பர் 15-ல் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்தது. நல்ல திட்டம், சின்னப் பிள்ளைகள் நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள். ஆனால் 1 முதல் 5 வரைக்கும்தான். நடுநிலைப் பள்ளியில் 8 வரை ஒரே வளாகம். நாலாவது படிக்கிற தம்பி உப்புமா சாப்பிடுவான், ஆறாவது படிக்கிற அக்கா தூணில் சாய்ந்து நிற்பாள். அவளுக்கு மதியம் சத்துணவுதான். முதல் பீரியடு கணக்கு.

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளை வரைக்கும் 2 ஆசிரியர்தான். அஞ்சு வகுப்பை இரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆறிலிருந்து எட்டு வரை கணக்கு-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று மூன்று பேராவது வேண்டும். இதில் ஒரு இடம் காலியானால் பெரிய பள்ளியில் வெளியே தெரியாது, சின்னப் பள்ளியில் அந்தப் பாடமே போய்விடும். மகள் ஏழாவது படித்தபோது கணக்கு-அறிவியல் பணியிடம் ஏழு மாதம் காலி. மனு கொடுத்து அலைந்தோம். கடைசியில் நானே காசு கொடுத்து டியூஷனுக்கு அனுப்பினேன். அதனால் உங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த ஆசிரியர் இல்லையென்றால், வருகிற வரைக்கும் நான் சேர்க்க மாட்டேன். அரசுப் பள்ளி மேல் எனக்கு எவ்வளவு பிடிப்பு இருந்தாலும் இதில் சமாதானம் கிடையாது.

ஆள் இருந்தால் ஒருநாள் பதினொரு மணிவாக்கில் போய் உட்கார்ந்து பாருங்கள். வகுப்பில் டீச்சர் எமிஸ் என்கிற கல்வித்துறை ஆன்லைன் பதிவுக்காக ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தால் அதற்காகக் குறை சொல்லாதீர்கள், அது அவர்கள் தலையெழுத்து. எட்டாவதில் எத்தனை பேரை என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுத வைக்கிறார்கள் என்று எச்.எம்.மிடம் கேளுங்கள். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். மகள் வகுப்பில் 5 பேர் எழுதினார்கள், ஒருவன் தேறினான்: அந்தச் சூளைக்காரப் பையன். புதிதாக வந்த கணக்கு டீச்சர் நாலரை மணிக்கு மேல் உட்காரவைத்துப் போட்ட கணக்கு அது.

ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும், பெண் பிள்ளைக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். இதைக் கணக்குப் போட்டே எங்கள் பக்கம் ஆறாவதில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். தப்பே இல்லை.

மகள் இப்போது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது. அங்கே ஒரு வகுப்பில் 48 பேர். முதல் மாதம் அழுதாள், டீச்சருக்கு என் பேர் தெரியவில்லை என்று.