ஒமேகா சென்டாரி ஏன் வெள்ளைத் திட்டாகவே பதிவாகிறது?

கேள்வி: மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் ஒமேகா சென்டாரியைப் பார்த்தேன். பஞ்சுத் திட்டு போலத்தான் தெரிந்தது. நண்பரின் டிராக்கரில் (வானத்தின் சுழற்சிக்கேற்ப கேமராவைத் திருப்பும் கருவி) டிஎஸ்எல்ஆர் கேமராவை வைத்து, 250 மி.மீ. லென்ஸில், ஐஎஸ்ஓ 3200 வைத்து 3 நிமிடம் எடுத்த படத்திலும் நடுப்பகுதி முழுக்க வெள்ளை. எங்கே தவறு?

பதில்: உங்கள் கருவிகள் தாராளமாகப் போதும். இதை ஒரு நெபுலாவாக நினைத்துக் கையாண்டதுதான் சிக்கல். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் திரண்டிருக்கும் கோளகக் கொத்து இது. மங்கலான வாயு மேகத்துக்கு நீண்ட எக்ஸ்போஷர் வேண்டும். விண்மீன் கூட்டத்துக்குக் கூர்மைதான் முதல் தேவை.

கூர்மைக்கு உயரம் முக்கியம். மதுரையில் இந்தக் கொத்து உச்சிக்கு வரும்போதே 33 பாகை உயரம்தான். தலைக்கு மேலே பார்ப்பதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காற்றை ஊடுருவிப் பார்க்கிறீர்கள். அதனால் அது நேர் தெற்கே வரும்வரை காத்திருங்கள். அந்த நேரத்தைச் சொல்ல நம்மிடம் அழகான வழி உண்டு: சித்திரை நட்சத்திரம் (ஸ்பைகா). அதுவும் ஒமேகா சென்டாரியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உச்சி வட்டத்தைக் கடக்கின்றன. சித்திரை தென்வானில் மிக உயரத்துக்கு வந்ததும், கையை நீட்டி, அங்கிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி அளந்தால் கொத்து அங்கே இருக்கும். சித்திரை மாதத் தொடக்கத்தில் இது நள்ளிரவை ஒட்டி நடக்கும், மே கடைசியில் இரவு 9 மணிக்கு. அமாவாசையை ஒட்டிய நாட்களாகப் பாருங்கள்.

பகல் முழுக்கக் காய்ந்த சிமெண்டுத் தளம் இரவில் அனலை விடும், காற்று நடுங்கும். முடிந்தால் மண் தரையில் வையுங்கள். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள்.

25 மி.மீ. ஐபீஸில் கண்டுபிடித்ததோடு நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அப்புறம் 10 மி.மீ. போடுங்கள். உங்கள் தொலைநோக்கியின் குவிய நீளம் 1200 மி.மீ. என்றால் 120 மடங்கு. வான்பின்னணி இருண்டு, விண்மீன்கள் பிரியத் தொடங்கும். மிகப் பிரகாசமானவையே மாக்னிட்யூட் (ஒளி அளவு, எண் கூடக்கூட மங்கல்) 11.5-ஐ ஒட்டித்தான், அதனால் கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் கொடுங்கள். நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரத்தைப் பாருங்கள். காற்று ஒரு கணம் அடங்கும்போது, அம்மிக்கல்லில் ரவை சிந்தியதுபோல் ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாகத் தெரியும். அந்தக் கணத்துக்காகப் பத்து நிமிடம் ஐபீஸிலேயே இருக்கலாம். நெபுலா ஃபில்டர் வாங்கிவிடாதீர்கள். அது விண்மீன் ஒளியையும் சேர்த்துத்தான் வெட்டும்.

சரி, படத்துக்கு வருவோம். 3 நிமிடம் மிக அதிகம். ஐஎஸ்ஓ 800, 30 விநாடி, ரா ஃபார்மட், 80 முதல் 100 படங்கள். ஃபோகஸுக்கு சித்திரையையே லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். துளி பிசகினாலும் நடுப்பகுதி மறுபடி பஞ்சுதான். டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை வைத்துத்தான் திசைப்படுத்த வேண்டும், உங்கள் ஊரில் அது 10 பாகை உயரத்தில்தான் இருக்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் மறைத்தால் டிராக்கரைச் சரியாகத் திருப்ப முடியாது. அப்படியானால் 10 விநாடியாகக் குறைத்து, படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கோடை இரவில் சென்சார் சூடேறி இரைச்சல் கூடும், அதைப் பின்னர் கழிக்க, லென்ஸை மூடி 20 டார்க் படங்களும் எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும் சிரில் (Siril) மென்பொருளில் ஒரே படமாக அடுக்கியதும் இன்னொரு கண்ணி இருக்கிறது. வெளி ஓரத்தை வெளிக்கொணரும் ஆசையில் பிரகாசத்தை ஒரேயடியாக இழுத்தால், எக்ஸ்போஷரில் காப்பாற்றிய மையம் அங்கே போய்விடும். மங்கலானதை அதிகமாகவும் பிரகாசமானதைக் குறைவாகவும் ஏற்றும் ஆசின் ஸ்ட்ரெட்ச் (asinh stretch) முறையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மையத்தில் புள்ளிகள் ஒட்டத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்துங்கள். செம்பெருவிண்மீன்களின் ஆரஞ்சு நிறமும் அப்போது வெளுக்காமல் தங்கும்.